எல்லாத் திசையிலும் ஒரே வேகமா?

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல் இருட்டிவிட்டு ஏமாற்றியது. துணியை உள்ளே எடுத்து, மறுபடி வெளியே காயப்போட்டு.

செய்ய வேண்டியவை:
– சனிக்கிழமைப் பேச்சுக்குக் குறிப்பு
– இவருக்குப் பிரஷர் மாத்திரை
– வாழைத்தண்டு, தயிர், முட்டை
– வியாழன் ஜே.பி. போக மாலினியிடம் காருக்குச் சொல்ல

போன வெள்ளிக்கிழமை டாக்டர் சொன்னதை எழுத வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

இவர் வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெரிய இரத்தக்குழாய். அதில் ஒரு வீக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்பு சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. சின்னதுதான், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். முதல் ஒன்றரை வருஷத்தில் எவ்வளவு விரிந்ததோ, அவ்வளவு இந்த ஆறு மாதத்தில்.

டாக்டர் இளைஞர், சீனர், நிதானமாகப் பேசுகிறவர். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். விரிவது மட்டுமில்லை, விரியும் வேகமும் கூடுகிறது. எல்லாப் பக்கமும் சமமாக விரிகிறதா, ஒரு பக்கமாகப் புடைக்கிறதா என்பது இந்த ஸ்கேனில் சரியாகத் தெரியாது. சமமாக என்றால் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம். ஒரு பக்கமாக என்றால் அங்கே சுவர் மெலிந்திருக்கலாம். வெடித்தால் ஆஸ்பத்திரி வரைக்கும்கூட வந்து சேர முடியாமல் போகலாம். பெரிய ஸ்கேன் ஜொகூர் பாருவில், ஜே.பி. ஆஸ்பத்திரியில். வியாழன் காலை.

என் பையில் அப்போது சனிக்கிழமைப் பேச்சின் தாள். ஓய்வுபெற்ற ஆசிரியர் வட்டத்துக்குப் போன மாதமே கொடுத்த தலைப்பு: ‘பிரபஞ்சம் வேகம் கூடிக்கொண்டே விரிகிறது. அந்த வேகம் எல்லாத் திசையிலும் ஒன்றா?’

என் தலைப்பையே அவர் வாசித்ததுபோல் இருந்தது. வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

வெளியே வந்ததும் இவர் கேட்டது: “பசிக்குது. தோசை சாப்பிடலாமா?”

சாப்பிட்டோம். இவர் மூன்று. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.


ஜூலை 8, செவ்வாய்

வெயில். குறிப்பு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பலூன். எத்தனை வருஷம் எத்தனை வகுப்பில் செய்து காட்டியது. பேனாவால் புள்ளிகள் வைத்து ஊதினால் எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் மற்றவை விலகிப் போகும். நடு என்று ஒன்று இல்லை. தனிச் சிறப்பான திசை என்று ஒன்று இல்லை. பிள்ளைகளுக்கு இரண்டே வரி: “வானத்துக்கு முன்பக்கம் கிடையாது. பின்பக்கமும் கிடையாது.”

கடையில் ஒரு பாக்கெட் பலூன் வாங்கி வந்து ஊதிப் பார்த்தேன். வாய்ப்பக்கம் தடிப்பு. நுனியில் அடர்நிறமாக ஒரு மூக்கு. ஒரு பக்கம் கண்ணாடிபோல் மெலிந்து, அந்தப் பக்கமே பெருத்துக்கொண்டு போனது. காற்றை இறக்கிவிட்டேன். மிச்சம் பாக்கெட் அலமாரிக்குள். பேச்சில் பலூன் வேண்டாம்.

பதிலாக விளக்கு. நெடுஞ்சாலை விளக்குகள் எல்லாம் ஒரே சக்தி உள்ளவை. மங்கலாகத் தெரிவது தூரத்தில் இருப்பது. அதுபோல ஒருவகை நட்சத்திரம் வெடிக்கும்போது ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் தரும். அதைவைத்துத் தூரம் கணக்கிடுகிறார்கள். அந்த ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதைவைத்து, ஒளி வந்துகொண்டிருந்த காலத்தில் வெளி எவ்வளவு விரிந்தது என்று. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் வேகம் கூடுகிறது என்றே கண்டுபிடித்தார்கள். இப்போது சிலர் கேட்பது: வானத்தின் ஒரு பக்கத்து விளக்குகளும் மறுபக்கத்து விளக்குகளும் ஒரே கதையைச் சொல்கின்றனவா?

இதுவரை எழுதியபோது ரெங்கத்திலிருந்து அண்ணி போன். இவருடைய அக்கா. எழுபத்தைந்து வயதிலும் குரல் கூடத்துக்கே கேட்கும்.

“விமலா, எந்த நாளுன்னு சொன்னே?”

“வியாழன் அண்ணி.”

“எங்க?”

“ஜே.பி.”

“ஐயோ. வியாழக்கிழமை தெக்கே சூலம்! காலண்டரப் பாக்கலையா நீ? கூலாய்லேருந்து ஜே.பி. தெக்குதானே? கல்யாணத்துக்கே போகமாட்டோம், ஆஸ்பத்திரிக்கா போவாங்க?”

“அண்ணி, எல்லாத் திசையும் ஒண்ணுதான்.”

“உங்க ஸ்கூல்ல ஒண்ணா இருக்கும். இவன் எனக்கு ஒரே தம்பி.”

வைத்துவிட்டார். நாள்காட்டித் தாளின் கீழே சின்ன எழுத்தில் சூலம் போட்டிருப்பார்கள். நான் எந்த நாளும் படித்ததில்லை. இன்று எழுந்து போய் வியாழன் தாளைத் தூக்கிப் பார்த்தேன். தெற்கு. பரிகாரம் தைலம்.


ஜூலை 9, புதன்

மழை, காலையில். வாசலில் தண்ணீர்.

இன்று செய்ததை எப்படி எழுதுவது.

இவர் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று: “வேணும்னா அந்தத் தேதிய மாத்திக் கேட்டுப் பாரேன்.”

“நீங்களுமா? செனாய் பாக்டரி பஸ்ஸ இத்தன வருஷம் தெக்கையும் வடக்கையும் ஓட்டினீங்களே. வியாழக்கிழமை லீவா போட்டீங்க?”

“நான் நம்பல. அக்கா மனசுக்காகச் சொல்றேன்.”

பார்த்தேன். பூண்டுப் பல்லைக் குப்பையிலும் தோலைக் கிண்ணத்திலும் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். வியாழன் இல்லாமல் வெள்ளி, திங்கள் கிடைக்குமா என்று. ஒரு நாள் இரண்டு நாள் தள்ளினால் என்ன, அவர் மனம் அமைதியாகப் போகட்டும் என்று நினைத்தேன். சரி, மாற்றிவிட்டேன் என்றாள் போனை எடுத்த பெண். எந்தத் தேதி என்றேன். ஆகஸ்ட் கடைசி.

“வேண்டாம் வேண்டாம், பழையதே போதும்.”

அதற்குள் வேறு ஒருவருக்குப் போய்விட்டதாம். காத்திருப்பவர்கள் நிறையப் பேர். யாராவது வரவில்லை என்றால் கூப்பிடுவதாகச் சொன்னாள். பாவம், நல்ல பெண்தான்.

போனை வைத்தேன். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகள் மாலினி சிங்கப்பூரிலிருந்து மதிய இடைவேளையில் கூப்பிட்டாள். சொன்னேன்.

“அம்மா! நீங்க சயன்ஸ் டீச்சர்ம்மா!”

“தெரியும்மா.”

“அத்தைய எனக்குத் தெரியும், அப்பாவையும் தெரியும். நீங்க எப்படிம்மா?”

அவள் அழுதுவிட்டு மறுபடி வேலைக்குப் போனாள். எனக்குத் தெரிந்த வரையில் பதில் இதுதான்: பயந்தவர் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் பயந்தது. வேறு காரணம் இல்லை.


ஜூலை 10, வியாழன்

இன்று இந்நேரம் ஸ்கேன் முடிந்திருக்கும்.

இவர் கேஸ் சிலிண்டர் தோம்பைத் தூக்கினார். கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எட்டிப் பார்த்தார். இருமினால் திரும்பிப் பார்க்கிறேன். நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பில் கை வைக்கிறாரா என்று பார்க்கிறேன். வைக்கிறார். கேட்டால் மெத்தை சரியில்லை என்கிறார்.

பேச்சுக்குப் படித்தது. எழுதி வைக்கிறேன், மனம் கொஞ்சம் வேறு பக்கம் போகட்டும்.

காற்றில்லாத நாளில் மழை நேராகத்தான் விழும். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு மட்டும் அது முன்னாலிருந்து முகத்தில் அடிக்கும். மழைக்குத் திசை இல்லை. திசை அவர் ஓட்டத்தில் இருக்கிறது. நம் பூமி, சூரியன், நம் நட்சத்திரக் கூட்டம் எல்லாமாகச் சேர்ந்து ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். பிரபஞ்சம் பிறந்த காலத்திலிருந்து எங்கும் நிறைந்திருக்கும் பழைய வெப்பம், நாம் போகும் பக்கம் ஒரு துளி கூடுதலாகவும் பின்பக்கம் ஒரு துளி குறைவாகவும் தெரிகிறது. இது உறுதி. ஆகவே விரியும் வேகம் ஒரு பக்கம் அதிகமாகத் தெரிந்தால், அது வானத்தின் குணமா, நம் ஓட்டத்தின் குணமா? ஓட்டத்தைக் கழித்துவிட்டோம் என்கிறார்கள் ஒரு சாரார். சரியாகக் கழிக்கவில்லை என்கிறார்கள் மறுசாரார். வேகம் கூடுவதாகச் சொல்வதே நம் ஓட்டத்தால் வரும் தோற்றமாக இருக்கலாம் என்பவர்கள்கூட உண்டு. சிலர்தான். பெரும்பாலோர் ஒப்பவில்லை.

அந்தச் சிலரை இன்று எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இவருக்கு எடுத்த ஸ்கேன்களை ஒரே ஆள் எடுக்கவில்லை. முன்பு எடுத்தவர் நேராக வைத்து அளந்திருக்கலாம், இந்த முறை எடுத்தவர் சாய்த்து வைத்திருக்கலாம். வாழைக்காயைச் சாய்த்து வெட்டினால் வில்லை பெரிதாகத்தான் வரும். காய் பெருத்துவிட்டது என்றா அர்த்தம்? ஒருவேளை வேகம் கூடவே இல்லையோ. அளந்த விதம்தானோ.

இப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. உடனே சந்தேகமும் வந்தது. விடை பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளை அதை எழுதினால் நான் மார்க் போட்டிருப்பேனா?


ஜூலை 12, சனி

பேச்சு முடிந்தது. கோயில் மண்டபத்துக்குப் பின்னால் உள்ள அறை. மின்விசிறி சத்தம். சுமாரான கூட்டம். நேசமணி டீச்சர் கொண்டுவந்த, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப். இவர் வீட்டில் இருக்கமாட்டேன் என்று கூடவே வந்து கடைசி வரிசையில்.

விளக்கு, மோட்டார் சைக்கிள் இரண்டும் சொன்னேன். வெடிக்கும் நட்சத்திரங்கள் வானம் முழுவதும் சமமாகப் பரவிக் கிடைக்கவில்லை, சில பக்கம் நிறையப் பார்த்திருக்கிறார்கள், சில பக்கம் கொஞ்சம்தான் என்றும் சொன்னேன். கூலாய்க்காரர்களை மட்டும் கேட்டுவிட்டு ஜொகூர் முழுக்க மழை என்று எழுதுவதுபோல ஆகிவிடக்கூடாது.

குணசேகரன் சார் (கணக்கு, தலைமையாசிரியராக ஓய்வு) கையை உயர்த்தினார்.

“சரி டீச்சர், முடிவா என்ன? ஒரே வேகமா, இல்லையா?”

“எல்லாத் திசையும் ஒண்ணுன்னு வச்சுத்தான் இதுவரைக்கும் கணக்குப் போட்டிருக்காங்க சார். பெரும்பாலும் சரியா வருது. ஆனா அது நாம முதல்லயே வச்சுக்கிட்டது. இப்பத்தான் அத உரசிப் பாக்குறாங்க.”

“அப்ப தெரியாது.”

“தெரியாது.”

“தெரியாதத சொல்றதுக்கா எங்கள இந்த வெயில்ல வரச் சொன்னீங்க?”

“கறிபாப்புக்கு வந்தீங்க சார், சும்மா இருங்க” என்றார் நேசமணி டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே கேட்டார்: “ஒரு பக்கம் மட்டும் வேகமா விரிஞ்சா வெடிச்சிடாதா விமலா?”

எனக்கு விடை தெரியும். அது பை இல்லை, கிழிவதற்குத் தோல் இல்லை, நம் வீட்டையும் ஊரையும் ஈர்ப்பு விசை கட்டி வைத்திருக்கிறது. எளிய விடை. வாய் திறந்தேன், வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

பின்னாலிருந்து இவர்: “வெடிக்காதும்மா. டீச்சர் விடமாட்டாங்க.”

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்ததாகத்தான் நினைவு. நன்றியுரை குணசேகரன் சார். நீளம்.

வீட்டுக்குள் நுழையும்போது இவர் சொன்னது: “நல்லாத்தான் பேசுன. அந்த மோட்டார் சைக்கிள் எனக்கே புரிஞ்சிடுச்சு.”


ஜூலை 16, புதன்

நடுவில் எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை. பயம் மட்டும். காலையில் ஒரு மாதிரி, மாலையில் வேறு மாதிரி.

இன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஒருவர் வரவில்லையாம். நாளைக் காலை வர முடியுமா?

முடியும் என்றேன். என்ன கிழமை என்று யோசிக்கவே இல்லை. வைத்த பிறகுதான். வியாழன்.

இவரிடம் சொன்னேன். சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே, “போலாம்” என்றார்.

“அண்ணிகிட்ட?”

“நான் சொல்லிக்கிறேன்.”

சொன்னார். அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது. பொழுது சாய்வதற்குள் அண்ணியே வந்து இறங்கினார், பேரன் காரில். நாளை வந்தால் ரெங்கத்திலிருந்து கூலாய் அவருக்கும் தெற்காகிவிடுமாம். கையில் நல்லெண்ணெய்ப் பாட்டில், ஒரு வாழைத்தார், மாற்றுப் புடவை.

சண்டைக்குத் தயாராக நின்றேன். அண்ணி நேராக இவரிடம் போய், நெற்றி, கன்னம், தோள் என்று தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம்:

“என்னால தானே தள்ளிப்போச்சு. மாலினி சொன்னா.”

“போன் பண்ணது நான் அண்ணி.”

“நீ என்ன பண்ணுவ. நான் கத்துனேன்.” எண்ணெய்ப் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு: “எண்ணெய் தடவிக்கிட்டா போலாம்னு இருக்கு. அத அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயத்துல மறந்துட்டேன்.”

இருவரும் முகத்தைப் பார்க்காமல் வாழைத்தாரைச் சீப்புச் சீப்பாக அறுத்தோம்.


ஜூலை 17, வியாழன்

தூறல். மாலினி லீவு போட்டு வந்து கார் ஓட்டினாள். கிளம்புமுன் அண்ணி இவருக்கு உச்சியில் எண்ணெய். எனக்கும். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். மாலினி பார்த்தாள். அவளும் குனிந்தாள்.

ஸ்கேன். காத்திருப்பு. கோப்பி. காத்திருப்பு.

இந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா. என் வேலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ‘சிக்கு’ என்றே கூப்பிட்டார், டீச்சர் என்பதற்கு. இவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இவர் முகம் சுளித்தார். முதுகு வலி உண்டா, எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். “மெத்தை…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

திரையில் காட்டினார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார். முன்னாலிருந்து பார்த்தால் வட்டம், ஏறக்குறைய ஒழுங்கு. பக்கவாட்டில் திருப்பினால் இடது பின்புறம் ஒரு புடைப்பு. விரல் முட்டிபோல.

கேட்டேன்: “சாய்வாக அளந்ததால் அப்படித் தெரிகிறதா?”

“நல்ல கேள்வி சிக்கு. அதற்காகத்தான் எல்லாப் பக்கமும் எடுத்தோம். இல்லை.”

வாழைக்காய் போயிற்று. பிடித்த விடை போயிற்று.

வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். நாளைக் காலை முதல் ஆளாக ஆபரேஷன். தொடை வழியாகக் குழாய் விட்டு, உள்ளே ஒரு புது உறை. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை என்றதும் இவர், “டியூப் மாத்தற மாதிரிதானே டாக்டர்?” டாக்டர் சிரித்தார்.

ஆகஸ்ட் கடைசி வரை இருந்திருந்தால் என்று நினைக்கத் தொடங்கி, நிறுத்தி, தொடங்கி.


ஜூலை 18, வெள்ளி. காலை

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பல்செட், மோதிரம், அரைஞாண் கயிறு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் என் மடியில்.

அண்ணி கண் மூடியபடி. மாலினி நடந்துகொண்டே. நான் எழுதிக்கொண்டு.

ஒன்று புரிகிறது. தெரியாது என்று அறை நிறைய ஆட்கள் முன் சொல்வது எனக்குச் சுலபம். இத்தனை பேர் இத்தனை வருஷம் வானத்தை அளந்தும் தெரியவில்லை என்றால், பொறுமையாக இன்னும் அளக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே அந்தப் பொறுமை ஒரு துளியும் இல்லை. கதவு திறந்தால் பயம். திறக்காவிட்டாலும்.


அதே நாள், சாயங்காலம்

முடிந்தது, நன்றாக முடிந்தது என்றார் டாக்டர். மாலினி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் என்னென்னவோ. டாக்டரும் தலையாட்டினார்.

கண்காணிப்பு வார்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான். முதலில் அண்ணி, பிறகு மாலினி, பிறகு நான். இவர் அரைத்தூக்கத்தில். என்னைப் பார்த்து “தோசை” என்றார். திரும்பத் தூங்கிவிட்டார்.

நர்ஸ் அவ்வப்போது வந்து இரண்டு பாதத்திலும் நாடி பார்க்கிறாள். ஏன் என்று கேட்டேன். இரத்தம் இரண்டு காலுக்கும் ஒரே மாதிரி போகிறதா என்று பார்க்கிறோம் சிக்கு. அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நான் கால்மாட்டில் நின்று, போர்வைக்குள் இரண்டு கையையும் விட்டு இரண்டு பாதத்தையும் பிடித்தேன். வலது பாதம் குளிர்ந்திருந்தது. இடது வெதுவெதுப்பு.

நர்ஸ் பக்கம் திரும்பினேன். உடனே, இரு, என்று எனக்கே சொன்னேன். மாலினி கொடுத்த ஐஸ் மைலோவை இவ்வளவு நேரம் என் வலது கையில்தான் பிடித்திருந்தேன். குளிர்ந்த கைக்கு எதுவும் சூடாகத்தான் தெரியும். அந்தக் கைதான் இப்போது இவருடைய இடது பாதத்தில். வித்தியாசம் பாதத்தில் இல்லை, என் கையில் இருக்கலாம்.

கைகளைக் குறுக்காக மாற்றி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவசரப்படவில்லை.

குளிர்ந்த கைக்கும் வலது பாதம்தான் குளிர்ச்சியாகப் பட்டது.

என் கை இல்லை.

நர்ஸைக் கூப்பிட்டேன். என் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. ஓடி வந்தாள், விரல் வைத்தாள், இடம் மாற்றி வைத்தாள், மறுபடி வைத்தாள். டாக்டருக்குப் போன். திரையை இழுத்துவிட்டார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

நின்றுகொண்டே எழுதுகிறேன். உள்ளே நான்கைந்து பேரின் கால்கள் தெரிகின்றன. யாரும் பதறவில்லை, வேகமாக நடக்கிறார்கள். டாக்டர் திரையை விலக்கி என்னைத் தேடினார்.

“எப்போது கவனித்தீர்கள் சிக்கு?”

“இப்போதுதான்.”

“நல்லது. வலது காலில் அடைப்பு, மறுபடி உள்ளே கொண்டுபோய் எடுத்துவிடலாம். நேரம் இருக்கிறது.”

கட்டில் நகர்கிறது.